மண்ணை ருசி பார்த்த டீச்சர்

மாலை ஆறு மணி இருபது நிமிடத்துக்குப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. என் மகள் ரிஸ்வானா ஒரு பேரீச்சம்பழத்தால் நோன்பைத் திறந்தாள். கோப்பையில் ஊற்றி வைத்த பள்ளிவாசல் கஞ்சியில் பாதியைக் குடித்தாள். பிறகு தான் கொண்டுவந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, அவித்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். கடித்தவள் மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினாள். கண்ணை மூடினாள். ஏதோ துஆ ஓதுகிறாள் என்று நினைத்தேன். பிறகு விழுங்கிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

நான் எழுந்து போய்த் தொழுதேன். தொழுது முடித்துத் திரும்பியபோது அவள் சமைக்கும் குசினியின் வாசற்படியில், சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள்.

"உம்மா, தல கிறுகிறுக்கிது."

"நோம்புக் களைப்பு மகள். கொஞ்சம் படு."

"களைப்பில்ல உம்மா. ஒரு மாதிரி இரிக்கி."

கையைப் பிடித்துப் பார்த்தேன். வெளியே காற்றில்லாத புழுக்கம். அந்தக் கை மட்டும் கிணற்றுத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது.

அந்தக் கிழங்கை அவளிடம் கொடுத்தனுப்பியவர் அவளுடைய டீச்சர். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுதுவது முறைப்பாடா நன்றியா என்பது எத்தனையோ வருடம் கழிந்தும் எனக்குத் தெளிவில்லை. ஆகையால் பெயரை எழுதவில்லை. எங்கள் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்களும் குறைவு. "மண் திங்கிற டீச்சர்" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அவரை நான் முதலில் கண்டதும் அந்தக் கோலத்தில்தான். சூறாவளி அடித்து ஓய்ந்த அடுத்த மாதம். எங்கள் கல்முனைக்குடியில் விழாமல் நின்ற தென்னைகளைவிட விழுந்து கிடந்தவை அதிகம். பெண்பிள்ளைகளின் பாடசாலைக்குக் கூரை பாதிதான் இருந்தது. கடல் ஏறிவந்து வடிந்த வீட்டு வளவுகளில் புல்கூடக் கருகிவிட்டது. மகளைக் கூட்டிவரப் போன நான், வகுப்புக்குப் பின்னால் வெறும் மணலில் ஓர் இளம்பெண் குந்தியிருப்பதைப் பார்த்தேன். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். யோசித்தார். துப்பினார். பிறகு கொஞ்சம் தள்ளிப்போய் இன்னொரு சிட்டிகை எடுத்தார்.

நான் பார்ப்பதைக் கண்டும் அவர் வெட்கப்படவில்லை. "இன்னும் உப்பு இரிக்கி, ராத்தா. நல்ல மழ பெய்யட்டும், பொறகு நடுவம்" என்றார், ஏற்கெனவே நாங்கள் அதைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள்போல.

"மண்ணத் திண்டா வயித்துல பூச்சி வருமே?" என்றேன்.

"வந்தா வரட்டும். அதுக்கும் சாப்பாடு வேணும்தானே?"

மனையியல் படிப்பிக்க நியமனம் பெற்று வந்தவர். தையல், பூவேலை, கேக் அடிப்பது என்று மற்ற ஊர்களில் எதைப் படிப்பித்தார்களோ எனக்குத் தெரியாது. இவர் கையில் மண்வெட்டியைத்தான் கண்டேன். சொந்த ஊர் இறக்காமம். குளக்கட்டு ஓரம், வயல், யானை. எங்கள் ஊரில் சோறும் மீனும் இருந்தால் சாப்பாடு முடிந்தது. கீரை என்பது நோயாளிக்கு. மரவள்ளி என்பது அரிசி கிடைக்காத காலத்துக்கு. அவருக்கோ வேலியில் படர்ந்த எதைக் கண்டாலும் கை நீளும். கிள்ளுவார், முகர்வார், நுனிநாக்கில் வைப்பார். கிணற்றுத் தண்ணீரையும் அப்படித்தான் பார்த்தார். "இது கறிக்கு நல்லம், தேத்தண்ணிக்குச் சரிவரா" என்று எங்கள் கிணற்றுக்கு அவர் சொன்ன தீர்ப்பை என் கணவர் நெடுநாள் சொல்லிச் சிரித்தார். ஆனால் அதன்பிறகு தேநீருக்கு மட்டும் பக்கத்து வீட்டுக் கிணற்றில்தான் அள்ளினோம்.

மழை பெய்தது. தோட்டம் தொடங்கியது. அதோடு பூனைகளும் தொடங்கின.

கடற்கரை மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. விழுந்த தென்னைகளின் தேங்காய் மட்டைகளைப் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்கி, குழி தோண்டி அடுக்கி, மேலே மண் போட்டார். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளுமாம். உரத்துக்கு மீன் கழுவிய தண்ணீர். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு சின்ன வாளியில் கொண்டு வரவேண்டும் என்றார். காலையில் வெள்ளைச் சட்டையும் முக்காடுமாய்ப் பெண்பிள்ளைகள் வாளியோடு வரிசையாகப் போக, பின்னால் ஊர்ப் பூனைகளெல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வரிசை.

பக்கத்து வீட்டுப் பாத்தும்மா மச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ட மகளுக்குக் கலியாண ஊர்வலம் இப்பயே நடக்கிது, மச்சி. மாப்புளதான் ஆரெண்டு தெரியல்ல, கறுப்புக் கடுவனா சாம்பல் கடுவனா?"

நாற்றத்தைப் பற்றிப் பாடசாலை அதிபர் கேட்டாராம். டீச்சர் சொன்ன பதிலை மகள் வந்து அப்படியே நடித்துக் காட்டினாள்: "நாம திண்ட மீன்ட மிச்சத்த மண்ணும் திங்கட்டும் சேர். பொறகு மண் தாறத நாம திம்பம். ஒருவர் மட்டும் திண்டுகிட்டே இருந்தா மத்தவருக்குக் கோபம் வரும்தானே?"

என் கணவருக்குக் கல்முனைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை. கப்பலில் வந்த சாமான்கள் கடைகளில் குவியத் தொடங்கிய காலம் அது. டின் மீன், டின் பால், பளபளக்கும் தாளில் சுற்றிய பிஸ்கட். ஒருநாள் பகல் சாப்பாட்டில் டின் மீனைக் கண்ட ரிஸ்வானா கேட்டாள்: "வாப்பா, இது எந்தக் கடல்ட மீன்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? கப்பல்ல வந்த."

"நம்மட கடல்ல மீன் முடிஞ்சிட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். "இந்த டீச்சர் என்ட கடைய மூட வச்சிட்டுத்தான் ஊருக்குப் போவா போல."

ஆனால் அதே டீச்சர் ஒருநாள் கடைக்கு வந்து, என் கணவரை அண்ணன் முறை வைத்து, "காக்கா, வெறும் டின் இரிக்கா?" என்று கேட்டு ஒரு சாக்கு நிறைய வாங்கிக்கொண்டு போனார். நாற்று வைக்க. என் கணவர் அன்று வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "டின் மீன்ல அவக்கு வேண்டியது டின் மட்டும்தான்." அதன்பிறகு வெறும் டின்களை எறியாமல் அவரே சேர்த்து வைத்தார்.

அவருடைய வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. வளர்த்ததை அவர்களே சமைக்கவேண்டும். சமைத்ததில் முதல் வாய் டீச்சருக்கு. அது மரியாதைக்காக அல்ல. அவர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். பிறகு தலையாட்டுவார். அதன்பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். ஏன் என்று கேட்ட பிள்ளைக்குச் சொன்னாராம்: "செடி கதைக்காது. அதுக்குச் சொல்ல ஏதும் இருந்தா நம்மட நாக்குல வந்துதான் சொல்லும்."

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். அதுதான் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்தது.

என் கணவரின் மூத்த சகோதரி, ரிஸ்வானாவுக்கு மாமி, எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தார். எனக்கு அவர் முன் எப்போதும் ஒரு பயம். உப்புக் குறைந்தாலும் கூடினாலும் அவர் சொல்லமாட்டார். போய் ஊரெல்லாம் சொல்வார். சாப்பாட்டின் நடுவில் ரிஸ்வானா ஒரு வெள்ளரித் துண்டை வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் உள்ளங்கையில் துப்பினாள்.

"உம்மா, இது கசக்கிது. ஒருத்தரும் தின்னாதீங்க."

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"இதுதான் இப்பப் பாடசாலையில படிப்பிக்கிறதா?" என்றார் மாமி.

மகள் பயப்படாமல் ஒப்புவித்தாள்: "ஓம் மாமி. கசக்கக் கூடாதது கசந்தா துப்பணும். உம்மா தந்தாலும் துப்பணும், கடைக்காரன் தந்தாலும் துப்பணும், பள்ளிக் கஞ்சியா இருந்தாலும் துப்பணும்."

மறுநாள் காலையில் நேரே பாடசாலைக்குப் போனேன். நான் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். எப்படிக் கதைக்கவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். டீச்சர் பூசணிக் கொடிக்குள் நின்றார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"ராத்தா, அந்த வெள்ளரிக்காய நீங்க திண்டு பாத்தீங்களா?"

"அதில்ல கத. விருந்தாளிகளுக்கு முன்னால..."

"கசந்திச்சா?"

"...ஓம்."

"மாமி திண்டாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். மாமி ஒரு துண்டு எடுத்தது ஞாபகம் வந்தது. பிறகு முந்தானையால் வாயைத் துடைத்ததும் ஞாபகம் வந்தது.

"அப்ப மாமியும் துப்பினவங்கதான்" என்றார் டீச்சர். "அவங்க ஒளிச்சித் துப்பின. உங்கட மகள் காட்டித் துப்பின. எங்கட ஊர்ல யானை வயலுக்குள்ள இறங்கினா எல்லாத்தையும் தின்னாது, ராத்தா. தும்பிக்கையால தொட்டுப் பாத்து, சரியில்லாதத விட்டுட்டுப் போகும். மிச்சத்தத் திண்டு வளந்தவ நான். அவ்வளவு பெரிய யானை வெக்கப்படாமப் பாத்துத் தின்னும்போது நமக்கென்ன?"

"அதுக்காக உம்மா தந்தாலும் துப்பணும் எண்டு சொல்லுறதா? உம்மாவ நம்பாத புள்ள வேற ஆர நம்பும்?"

அவர் சிரிக்கவில்லை. "நம்பிக்க வேற, நாக்கு வேற" என்றார். "உம்மாவும் ஒரு நாளைக்குத் தவற விடுவாங்க. அண்டைக்குப் புள்ளைட நாக்குத்தான் புள்ளையக் காப்பாத்தணும்."

நான் திரும்பி வரும்போது என் கையில் ஒரு பூசணிக்காய் இருந்தது. சண்டைக்குப் போனவள் எப்படிப் பூசணிக்காயோடு வந்தேன் என்பது வீடு வந்து சேரும்வரை எனக்கே விளங்கவில்லை. அவரிடம் போய் வந்தவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான். வெளியே வந்த பிறகுதான் கோபம் ஞாபகம் வரும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவர்மேல் இருந்தது கோபம் மட்டுமல்ல. ரிஸ்வானா எனக்கு ஒரே பிள்ளை. அதுவரை அவள் எதைக் கேட்டாலும் என்னிடம்தான் கேட்பாள். இப்போது நான் எதைச் சொன்னாலும் "டீச்சரிட்டக் கேட்டுட்டு வாறன்" என்றாள். அவரைப்போலவே நடந்தாள். அவரைப்போலவே தலையைச் சாய்த்து ருசி பார்த்தாள். முன்பு தொடாத முருங்கைக்கீரையைத் தட்டு வழித்துத் தின்றாள். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று சந்தோஷப்படுவதா, என் கையால் அல்ல என்று கவலைப்படுவதா? இரண்டையும் ஒன்றாகப் பட்டேன்.

மரவள்ளிக்கு வருகிறேன்.

மழைக்குப்பின் தோட்டத்தின் ஓரம் முழுக்க மரவள்ளித் தடி நட்டிருந்தார்கள். கொஞ்சம் தடி டீச்சரின் வாப்பா இறக்காமத்திலிருந்து கொண்டு வந்தது. போதாததற்குச் சூறாவளி நிவாரணத்தோடு எங்கிருந்தோ வந்த தடிகளையும் வாங்கி ஊன்றினார்கள். கிழங்கு விளைந்து, கிண்டி எடுக்கும் காலம் வந்தபோது நோன்பு மாதமும் வந்தது. பாடசாலைக்கு நோன்பு விடுமுறை. டீச்சர் ஊருக்குப் போகவில்லை. விட்டால் கிழங்கு வேரோடிப் போகும் என்று, பக்கத்தில் இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து கிண்டி, அவித்து, ஆளுக்குக் கொஞ்சமாக நோன்பு திறக்கக் கொண்டுபோகட்டும் என்றார்.

அன்று நடந்ததை மகள் பிறகு எனக்குச் சொன்னாள். தோலைத் தடிப்பாகச் சீவினார்கள். தண்ணீரில் ஊறப் போட்டார்கள். மூடி போடாமல் அவித்தார்கள். அவித்த தண்ணீரை வடித்து ஊற்றினார்கள். டீச்சர் எதையும் தவறவிடவில்லை. எல்லாம் முடிந்து, ஆவி பறக்கும் ஒரு துண்டை வழக்கம்போலக் கையில் எடுத்தார். பிள்ளைகளும் வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தார்கள். வாய்வரை கொண்டு போனவர் அப்படியே நின்றார். பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள்.

"டீச்சர், நோம்பு! நோம்பு!"

"றப்பே, மறந்தே போயிட்டன்."

ஒரு பிள்ளை சொன்னாளாம்: "டீச்சர், நுனிநாக்குல வச்சிட்டுத் துப்பினா நோம்பு முறியாது எண்டு எங்கட மௌலவி சொன்னவர்."

"முறியாதுதான்" என்று டீச்சர் துண்டைத் திரும்பச் சட்டியில் வைத்தார். "ஆனா பகல் முழுக்கப் பசிச்ச நாக்கு துப்பாது புள்ளைகள். விழுங்கிடும். பசிச்ச நாக்க நம்பேலா."

இப்படித்தான், அந்தத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, யாரும் ருசி பார்க்காத ஒரு சாப்பாடு வாழையிலையில் பொட்டலமாகி வீடுகளுக்குப் போனது.

குசினி வாசலில் குளிர்ந்த கையோடு இருந்த மகள் அடுத்த கணமே வாந்தியெடுத்தாள். என் கணவர் தொழுகைக்குப் போயிருந்தார். நான் போட்ட சத்தத்தில் பாத்தும்மா மச்சிதான் வேலியை விலக்கிக்கொண்டு முதலில் வந்தாள். பாயில் கிடந்த இலையைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள்.

"மரவள்ளியா திண்ட? கஞ்சியும் குடிச்சாளா?"

"ஓம். பள்ளிக் கஞ்சி."

அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "யா அல்லாஹ்! கஞ்சியில இஞ்சி போட்டிரிக்கே மச்சி! மரவள்ளியும் இஞ்சியும் சேந்தா நஞ்சு எண்டு ஒனக்குத் தெரியாதா? ஒரு மனிசரும் பிழச்சதில்லயே!"

தெரியும். எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? மரவள்ளி தின்ற அன்று இஞ்சித் தேநீர்கூடக் குடிக்கமாட்டோம். ஆனால் வருடம் முழுக்க நினைவில் வைத்திருந்த அந்தக் கட்டுப்பாட்டை, நோன்புக் கஞ்சிக்குள் இஞ்சி இருக்கிறது என்ற ஒன்றோடு சேர்த்துப் பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. கஞ்சி என்றால் கஞ்சி. அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் யோசிப்பார்கள்?

வீடு நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். தேசிக்காய் பிழிந்து புளிக்கக் கொடு என்றாள் ஒருத்தி. ஒன்றும் கொடுக்காதே என்றாள் இன்னொருத்தி. தேங்காய்ப்பால் கொடுத்தால் நஞ்சு முறியும் என்றார் ஒருவர். பால் கொடுத்தால் ஏறும் என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்றவர். நான் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டு, யார் சொல்வதையும் கேட்டு, யார் சொல்வதையும் செய்யாமல் இருந்தேன். படித்தவள் என்று எனக்கு இருந்த பெயரெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் கண்ணைத் திறந்து, "டீச்சரக் கூப்பிடுங்க உம்மா" என்றாள்.

என்னை அல்ல. டீச்சரை.

யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, என் கணவர் ஒரு வாடகைக் காரோடு வந்தார். ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். டாக்டர் என்னிடம் இஞ்சியைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது கையை அசைத்துவிட்டார். "கிழங்கு கசந்ததா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "சில மரவள்ளி கசப்பு இனம். சும்மா அவித்தால் அதன் நஞ்சு முழுதாகப் போகாது. கசந்தால் யாரும் இவ்வளவு தின்னமாட்டார்களே" என்று அவரும் குழம்பினார். "எதுவானாலும் வாந்தி எடுத்தது நல்லது. இனிப் பயமில்லை."

அவள் பிழைத்தாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தன் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டு இருக்கிறாள். ஒவ்வொரு கவளத்தையும் முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஊட்டுகிறாள். பாங்கு சொல்லும் நேரத்தில் அவள் எதையாவது மென்றால் நான் இன்னும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன். போன கிழமை யாரோ நல்ல மரவள்ளி என்று கொண்டுவந்து தந்தார்கள். வாங்கிய நான் பாதியைக் கீழே போட்டுவிட்டேன். ரிஸ்வானா குனிந்து பொறுக்கினாள்.

அன்று வேறு இரண்டு பிள்ளைகளுக்கும் வயிற்றைப் பிரட்டியது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்களும் அதே பள்ளிக் கஞ்சியைத்தான் குடித்தார்கள். அப்படியானால் இஞ்சியில்லை, கிழங்குதான் என்று என் கணவர் சொன்னார். அப்படியானால் ஒரே சட்டியில் அவித்த கிழங்கு எல்லோரையும் ஏன் தாக்கவில்லை என்று பாத்தும்மா மச்சி கேட்டாள். இரண்டும் எனக்குச் சரியாகத்தான் பட்டன. எங்கள் வீட்டில் மரவள்ளி அவித்தால் இஞ்சியை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன். இது அறிவா பயமா என்று கேட்டால் தெரியாது.

ஊர் பலவிதமாகக் கதைத்தது. நோன்பு காலத்தில் பிள்ளைகளை வேலை வாங்கினதன் பலன் என்றார்கள். காட்டுப் பக்கத்து ஆட்களுக்கு எதுவும் பொறுக்கும், நம் பிள்ளைகளுக்குப் பொறுக்குமா என்றார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போன டீச்சர் திரும்பி வரவில்லை. மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டாரா, கொடுத்தார்களா என்று தெரியவில்லை. தோட்டத்தில் கொஞ்சநாள் பூனைகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. இப்போது இந்த யுத்தத்துக்குள் இறக்காமத்துப் பாதையில் பயணம் போகிற காலமுமில்லை. போய்க் கண்டாலும் என்ன கேட்பேன் என்று தெரியவில்லை.

அந்த மாலையின் கடைசிப் பகுதி மட்டும்தான் எனக்குக் குழப்பமில்லாமல் நினைவிருக்கிறது.

பாங்கு சொன்னபோது டீச்சர் தான் வாடகைக்கு இருந்த அறையில் நோன்பு திறந்திருக்கிறார். வீட்டுக்காரப் பெண் பிறகு சொன்னாள். பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, தன் பங்குக் கிழங்கில் சிலதை ருசித்துச் சாப்பிட்டாராம். கடைசித் துண்டைக் கடித்தவர் சட்டென்று நிறுத்தினாராம். துப்பினாராம். செருப்பும் போடாமல் எழுந்து ஓடினாராம். மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து இறங்கிய ஆண்கள் எல்லாம், முக்காடு கழுத்தில் கிடக்க, ஓர் இளம்பெண் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் "கிழங்கத் தின்னாதீங்க, துப்புங்க" என்று கத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வீடு தெருவின் கடைசியில், கடலுக்குப் பக்கம். அவர் வந்து சேர்ந்தபோது நாங்கள் காரில் போய்விட்டோம். பாத்தும்மா மச்சி அவரை வாசலில் வைத்து ஏசியிருக்கிறாள். "புள்ளையக் கொன்னு போட்டியே பாவி" என்று. அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாராம்.

நோன்பு இரவின் தராவீஹ் தொழுகை முடிந்த நேரம் இருக்கும். வார்டில் மகள் கண்மூடிக் கிடந்தாள். நான் கட்டில் ஓரத்தில் இருந்தேன். உறவுக்காரர் எல்லோரும் வந்து போய்விட்டார்கள். கடைசியாக வந்தவர் அவர். பாதம் முழுக்க மணல். மூச்சு வாங்கியது. என் முகத்தைப் பார்த்தார். நான் திரும்பி மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம் குந்தி, மகளின் காதோரம் குனிந்தார்.

"ரிஸ்வானா. கசந்திச்சா மகள்?"

மகள் கண்ணைத் திறந்தாள். அவரைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள்.

"ஓம் டீச்சர். முதல் வாயே கசந்திச்சு."

"பொறகு ஏன் துப்பல்ல?"

"நீங்க தந்ததாச்சே, டீச்சர்."

டீச்சர் மகளின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி, கட்டிலுக்கு இந்தப் பக்கம் இருந்த என்னிடம் சொன்னார்:

"உம்மா தந்தாலும் துப்பணும் எண்டு சொல்லிக் குடுத்தன், ராத்தா. டீச்சர் தந்தாலும் துப்பணும் எண்டு சொல்ல மறந்திட்டன்."